அறை வெப்பநிலை

வெண்ணெய் அறை வெப்பநிலைக்கு வரும்வரை
ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள்
என்கிறது செய்முறை.
எழுதியவர் வீட்டு வாசலில் பனி கிடக்கும் போலும்.
புக்கிட் பாத்தோக்கில்
பன்னிரண்டே நிமிடத்தில்
தாளைவிட்டு நழுவித்
தட்டில் படுத்துவிட்டது.

ஆப்பிள்கள் ஐந்து.
நான் வாங்கியவை அல்ல.
வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது
இரும்புக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தன,
சிவப்புப் பையில், ஒரு சீட்டோடு.

அதற்கு முந்திய மூன்று வாரத்தைச் சொல்ல வேண்டும்.
இரவு பதினொன்று பத்துக்கு
என் தலைக்கு மேலே யாரோ நாற்காலி இழுப்பார்கள்.
இழுத்து, நிறுத்தி,
மறுபடி இழுத்து.
நான் மூன்றே முக்காலுக்கு எழுந்து
டிப்போவிலிருந்து முதல் பேருந்தை எடுக்கிறவள்.
என் கொட்டாவிக்குப் பின்னால்
எண்பது பேர் கம்பி பிடித்து நிற்பார்கள்.
ஒருநாள் துடைப்பக் கட்டையால்
கூரையை மூன்று முறை இடித்தேன்.
வெள்ளைப் பூச்சு உதிர்ந்து
என் தலையணையிலேயே விழுந்தது.

சீட்டில் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்:
மன்னிக்கவும். நாற்காலி இல்லை.
அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை.
நடைச்சட்டம் பிடித்துக்
கழிவறைக்குப் போகப் பழகுகிறார்.
பத்தாம் மாடி, கோ.

அந்த ஆப்பிளைக் கடிக்க
எனக்கு வாய் வரவில்லை.
துடைப்பத்தைக் கூடக்
கொஞ்ச நாள் குளியலறைக்குள் ஒளித்து வைத்தேன்.

ஞாயிறு ஓய்வு நாள்.
மைலோ குவளையால் இரண்டு மாவு,
ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சீனி,
மூன்று முட்டை.
சீவிய பழம் கறுக்காமலிருக்க
இரண்டு கலமான்சி பிழிந்தேன்.
செய்முறையில் அது இல்லை.
பட்டைத் தூள் கேட்டிருந்தது.
என்னிடம் பட்டைதான் இருந்தது,
ஆட்டுக்கறிக்கென்று வாங்கிய சுருள்.
எண்ணெயில் முதலாவதாய்க் குதித்து,
வெங்காயத்துக்கு வழிவிட்டு,
கடைசியில் தட்டின் ஓரத்துக்குத்
தள்ளப்பட்டே பழகியது அது.
இடித்துச் சலித்துச்
சீனியில் போட்டபோது
அதற்கே கூச்சமாயிருந்திருக்கும்.

அவன் பழையது.
யாரோ விற்றதை எம்ஆர்டி நிலைய வாசலில்
முப்பது வெள்ளிக்கு வாங்கினேன்.
குமிழில் எண்கள் அழிந்துவிட்டன.
சூட்டை ஓர் ஊகமாகத்தான் திருப்ப வேண்டும்.

இருபதாவது நிமிடம் வாசம் நடைபாதைக்குப் போனது.
துணி உலர்த்தப் போன ஸுரைடா
சன்னல் கம்பியில் மூக்கை வைத்து
“பிரியாணியா?” என்றாள்.
கேக் என்றேன்.
நம்பவில்லை.
போகும்போது
“தயிர்ப் பச்சடியும் செய்துவிடு” என்றாள்.

சத்தே குச்சியால் ஓரத்தில் குத்திப் பார்த்தேன்.
ஈரமில்லாமல் வந்தது.
மேலே நடுவில் ஒரு வெடிப்பு,
மழைக்கு முந்திய தரைபோல.
முக்கால் பங்கை வெட்டித் தட்டில் வைத்து
மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறினேன்.

கதவைத் திறந்தவருக்கு என் வயதிருக்கும்.
நான் யாரென்று கேட்கவில்லை.
துடைப்பம் எங்கே என்று தேடினாரோ என்னவோ
என் கையைத்தான் முதலில் பார்த்தார்.
பின்னால், நடைச்சட்டத்தில் சாய்ந்தபடி
பெரியவர் ஒரு தரம் மூச்சிழுத்து
ஏதோ சொன்னார்.
மகன் சிரித்தார்:
“மருந்துக் கடை வாசம் வருகிறதாம்.”
நல்லதா கெட்டதா என்று
நானும் கேட்கவில்லை.

கீழே வந்து
எனக்கென்று வைத்த கால் பங்கில் கத்தி வைத்தேன்.
ஓரம் பொன்போல் இருந்தது.
நடுமுனையில் மாவு
கூழாக, பச்சையாக,
ஒரு விரல் நீளத்துக்கு வேகாமல்.

முக்கால் பங்கு நடு
இப்போது மேலே.

ஓடிப்போய்த் திரும்ப வாங்க முடியுமா?
ஓரத்தைச் சுரண்டித் தின்றேன்.
பாத்திரம் கழுவினேன்.
மூன்றே முக்காலுக்கு அலாரம் வைத்துப் படுத்தேன்.

பதினொன்று பத்து.
பதினொன்று பன்னிரண்டு.
சத்தத்தைக் காணோம்.
பதினொன்றே கால்வரை
கூரையைப் பார்த்தபடி
விழித்துக் கிடந்தேன்.

பிறகு
இழுத்து,
நிறுத்தி.